சுமியேயின் ரோஸ் ரிப்பன்கள்

எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பாதையில் இருநூற்றுப் பன்னிரண்டு ரோஸ் ரிப்பன்கள் இருந்தன. அத்தனையையும் மரத்தில் கட்டியவள் சுமியே. வயது ஐம்பத்தேழு. என் மதிய உணவுக் கடையில் பதினெட்டு வருடமாகச் சோற்று உருண்டை பிடிக்கிறாள். எங்கள் யாகுஷிமா தீவில் மலையேற வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் கைச்சோற்றைத் தின்றிருப்பார்கள். இதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சம். எனக்கென்ன கூச்சம்? நான் சொல்வேன்.

பாலத்தில் தொடங்கிப் பாலத்திலேயே முடிகிற வட்டப் பாதை அது. 'நடுத்தரம், நான்கு மணி நேரம்' என்று பலகையில் போட்டிருக்கும். ஆனால் ஓயாத மழை. கல், வேர், விழுந்த மரம் எல்லாவற்றின் மேலும் பாசி. பாதை எது, காடு எது என்று தெரியாது. ரிப்பனைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். புயலடித்து ஓய்ந்த மறுநாள், கடை மூடியதும் சுமியே அறுந்த ரிப்பன்களைக் கட்டப் போய்விடுவாள். கூலி கிடையாது. ஊர்க் கூட்டம் அவளை நம்பிக் கொடுத்த பொறுப்பு, அவ்வளவுதான். அதை அவள் உயிராக நினைத்தாள்.

போன அக்டோபரில் ஓசாகாவிலிருந்து வந்த நிஷிவாகி என்ற பள்ளிக்கூட டீச்சர் அந்தப் பாதையில் தொலைந்துபோனார். ராத்திரி முழுக்க மழையில் கிடந்தவரை, விடிந்த பிறகு ஒரு பள்ளத்திலிருந்து தூக்கி வந்தார்கள். மணிக்கட்டு முறிந்திருந்தது. "ரிப்பனைப் பார்த்துத்தான் போனேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊரில் யாரும் நம்பவில்லை. "போட்டோ எடுக்கப் பாதையை விட்டு இறங்கியிருக்கும். இப்ப பழியை ரிப்பன் மேல போடுது" என்றார்கள். சுமியேயும் அதைத்தான் சொன்னாள். ஆனால் ஊர்த்தலைவர் ஹிதாகா கூட்டத்தைக் கூட்டிவிட்டார். அவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அன்றைக்கே வளைந்துகொடுக்காத ஆள்.

"ஏம்மா சுமியே, ஒண்ணு அந்த டீச்சர் பொய் சொல்லணும், இல்ல உன் ரிப்பன் பொய் சொல்லணும். பத்து நாள்ல தெரிஞ்சாகணும். இல்லேன்னா வெளியாள் ஒருத்தரை வச்சுப் பார்த்துக்கறோம்."

"என் ரிப்பன்ல தப்பில்லண்ணே. நிரூபிக்கிறேன்" என்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

மறுநாள் சாட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் அதுவரை அந்தப் பாலத்தைத் தாண்டியதே இல்லை.

"டீச்சர் வலதுபக்கமாப் போனாங்களாம். நாமளும் அப்படியே போவோம் அக்கா" என்றாள்.

அதில்தான் விஷயமே இருந்தது. மலைச்சாமியின் சின்னக் கோயில் பாலத்தைத் தாண்டியதும் இடதுபுறம் இருக்கிறது. அங்கே கும்பிடாமல் எங்கள் ஊர்க்காரர் யாரும் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. அதனால் எல்லோரும் இடதுபக்கமாகத்தான் சுற்றுவார்கள். இத்தனை வருடத்தில் சுமியே ஒரு தடவைகூட வலதுபக்கமாக நுழைந்ததில்லை!

அவள் முன்னால் போனாள். காலில் ஏறிய அட்டைகளைத் திட்டிக்கொண்டே நான் பின்னால் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெரிய தேவதாரு மரம் வந்தது. ரிப்பனைப் பார்த்தாள், விறுவிறுவென்று நேரே நடந்தாள். பத்து நிமிடம் நடந்திருப்போம். அடுத்த ரிப்பன் வரவில்லை. எதிரே பள்ளம்.

"சுமியே, இது எந்த இடம்டி?"

அவள் வந்த வழியே விறுக்கென்று திரும்பினாள். தேவதாருவுக்குத் திரும்பி வந்து பார்த்தோம். இடதிலிருந்து வருகிறவருக்கு அந்த ரிப்பன் கீழே இருக்கும் ஓடையிலிருந்து ஏறி வரும் வழியைக் காட்டும். வலதிலிருந்து வருகிறவருக்கு ஓடைக்கு இறங்கும் வழியை அடிமரம் மறைத்துவிடும். ரிப்பன் நேரே வா என்று கூப்பிடும்.

ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் அக்கா அந்தம்மாவைப் பள்ளத்துக்கு அனுப்பியிருக்கேன்."

"சரி, விடு. ரிப்பனை மாத்திக் கட்டிட்டுக் கிளம்பு. யாருக்குத் தெரியப்போகுது? நான் வாயே திறக்கமாட்டேன்."

"நீங்களா? வாயைத் திறக்கமாட்டீங்களா?" அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அப்புறம் எழுந்து நின்றாள். "இல்லக்கா. அந்தம்மாவைப் பொய் சொல்றாங்கன்னு சொல்லிட்டேன். மறைச்சா நான்தானே பொய்க்காரி."

அன்றைக்குச் சாயங்காலமே ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டாள். "நான் கட்டின ரிப்பனைப் பார்த்து நானே வழி தவறினேன். மீதிப் பாதையையும் அப்படியே நடந்து எண்ணிட்டேன், இன்னும் பதினெட்டு இடம் இப்படி இருக்கு. திருத்திடறேன். அப்புறமும் சரியில்லேன்னா வேற ஆளைப் போடுங்க."

ஹிதாகா கேட்டார்: "திருத்தினது சரின்னு யாரு பார்க்கிறது? நீயேவா?"

"பாதை தெரியாதவங்க யாராவது வலதுபக்கமாத் தனியாப் போய் வரட்டும்."

சுமியே பின்னால் ஒரு தடவை போய் வந்ததைத் தவிர எனக்குக் காடே தெரியாது; எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "யொனேகோவை அனுப்பு! அவ வந்து சேர்ந்துட்டா ஆடு மாடுகூட வந்து சேர்ந்துடும்" என்றான் ஒருத்தன். ஒரே சிரிப்பு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "போறேன்யா! சிரிக்கிறவங்க எல்லாம் பாலத்துல வந்து நில்லுங்க!"

சுமியே ஏழு நாள் காட்டிலேயே கிடந்தாள். எட்டாம் நாள் காலையில், கழுத்தில் ஒரு விசிலோடு நான் வலதுபக்கமாக நுழைந்தேன். மழை, மூடுபனி, துணைக்கு இரண்டு மான். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ஒரு ரிப்பனடியில் நின்று நிமிர்ந்தால் போதும், அடுத்தது கண்ணில் பட்டது. அந்தத் தேவதாருவில் இரண்டு ரிப்பன், ஓடைக்கு அக்கரையில் ஒன்று. பெருமையில் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. இவள் என் கடை ஆள் என்று மரங்களிடமே சொன்னேன்.

பாலத்துக்கு வந்தபோது பாதி ஊர் குடை பிடித்து நின்றிருந்தது. ஹிதாகா கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி நேரப் பாதைக்கு ஆறு மணி நேரமா?"

"காலுக்குத்தான் ஆறு மணி நேரம். கண்ணுக்கு எங்கயும் தாமதமாகல. எழுதிக்கோ."

அவர் எழுதவில்லை. ஒரு புது ரிப்பன் சுருளை எடுத்து, இரண்டு கையாலும் சுமியேயிடம் நீட்டித் தலை வணங்கினார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. சுமியே கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கறேன் அண்ணே. ஆனா முதல்ல ஓசாகாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போகணும். என் பேர்ல மட்டும் இல்ல. அந்தம்மாவைப் பொய்க்காரின்னு சொன்ன எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

ஐயோ, இவ்வளவு தூரம் வந்து காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று எனக்குப் பதறியது. ஹிதாகா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "தாள் இருக்கா யாருகிட்டயாவது?" என்றார்.

முதல் கையெழுத்து அவருடையது. மழையில் மை கொஞ்சம் பரவிவிட்டது. அப்படியே அனுப்பினோம்.