வண்டி நடுங்க வேண்டும்

எங்கள் வாசலில் நிற்கும் சிவப்புக் காரைப் பார்த்து செம்பாக்கத்தில் சிரிக்காதவர்கள் குறைவு. இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும் உடம்பு, பின் சீட் என்று பெயருக்கு ஒரு பலகை. எங்கள் தெருப் பள்ளங்களில் அது இறங்கி ஏறுவதற்குள் சைக்கிள்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நாவலூரில் ஆபீஸ் வேலை பார்த்த என் கணவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. அதுவும் செகண்ட் ஹேண்ட். வாங்கிய அன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அதை ஓட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்காது. மீட்டரைப் பார்க்கவே மாட்டார், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றுவார். சர்ச் பாடகர் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர். காதுதான் அவருக்கு எல்லாம்.

அந்தக் காதுதான் போனது. நரம்பில் பழுது, மிச்சமிருப்பதும் போய்விடும் என்றார் டாக்டர். கருவி வைத்துப் பார்த்தோம். அதில் இரைச்சல் வந்தது, பேச்சு வரவில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர். என் குரல் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்ட குரல் பக்கத்து நாற்காலிக்குப் போய்ச் சேரவில்லை.

பாடகர் குழுவை அவராகவே விட்டார். வெளியே யாரிடமும் சொல்லாதே என்று எனக்குக் கண்டிப்பு. உதடு புரிந்தால் பதில் சொல்வார், புரியாவிட்டால் தலையாட்டுவார். திரும்பக் கேட்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

சாயங்காலம் குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் தவறாது. கண்ணை மூடித்தான் ஜெபிப்போம். மூடினால் அவருக்கு என் உதடும் தெரியாது. ஒருநாள் அவருடைய காதுக்காக நான் மன்றாடிக்கொண்டிருந்த நடுவிலேயே "ஆமென்" என்று எழுந்துவிட்டார். நான் கண்ணைத் திறந்தேன். என் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து ஜெப நேரத்தில் மாடிக்குப் போய் நின்றுகொண்டார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். காது போனால் போகட்டும், மனுஷனே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாரே என்ற பயம்.

அடுத்தது கார். கவனமாக ஓட்டலாம் என்றே டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கத்துகிற இன்ஜினை இரண்டாவது கியரிலேயே வேளச்சேரி ரோடு நெடுக இழுத்துக்கொண்டு போனார். மீட்டர் முள்ளைப் பார்த்து ஓட்டினால் கண் ரோட்டில் இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டி ஆஃப் ஆனது தெரியாமல் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டித் திட்டினார். அவருக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, "வித்துடலாம்" என்றார்.

விற்பதற்காக இன்டர்நெட்டில் மேய்ந்தவர்தான் அதைக் கண்டுபிடித்தார். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே மவுண்ட் என்று ரப்பர் கட்டைகள் உண்டு. இன்ஜின் நடுக்கத்தை உள்ளே வராமல் விழுங்குவது அவற்றின் வேலை. ரேஸ்காரர்கள் அதை எடுத்துவிட்டுக் கெட்டியான மவுண்ட் போடுவார்களாம். போட்டவர்கள் எல்லாரும் புலம்பித் தள்ளியிருந்தார்கள்: ஸ்டீயரிங் நடுங்குகிறது, சீட் அதிர்கிறது, உட்கார முடியவில்லை. அந்தப் புலம்பல்களை எனக்குக் காட்டி அவர் சிரித்தார். அவர் சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது.

"காதுல வராதது கையில வருமே" என்றார்.

மவுண்ட் பார்சல் வந்ததும் கோவிலம்பாக்கத்தில் எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டு போய்க் கொடுத்தார். மறுநாள் வண்டி எடுக்க நானும் போனேன். அவர் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தார். இன்ஜின் ஓடுவது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. அவர் காத்திருந்தார். கையை எடுத்து வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தார். கியர் குமிழைப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"கையும் போயிடுச்சு போல" என்றார், மெதுவாக.

மெக்கானிக் மட்டும் பூரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"எப்டிக்கா கீது? வெண்ணெ மாரி ஓடுதா?"

அப்போதுதான் பார்த்தேன். மேஜையில் அந்தப் பார்சல் பிரிக்கப்படாமல் கிடந்தது.

"அதை மாட்டலையா?"

"அத்த மாட்டுனா பேஜாருக்கா. வண்டி ஒதறும், நீங்க குந்திகினு வர முடியாது. கம்பெனி ரப்பரே புச்சா போட்டுட்டேன். சாரைக் கேட்டுதான் செஞ்சேன். தலையாட்னாரே!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வசதிக்காக என்று ஒருவர் கேட்டிருக்கிறார், என்ன கேட்கிறார் என்றே தெரியாமல் இன்னொருவர் தலையாட்டியிருக்கிறார். யார் மேல் கோபப்படுவது? காரை விட்டு இறங்கிய அவர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, அவருக்கும் புரியும்படி மெக்கானிக்குக்குச் சொன்னேன்.

"அவருக்குக் காது கேக்காது. அந்த நடுக்கம் வேணும்னுதான் அதை வாங்கினார்."

வெளியாள் காதில் அந்த வார்த்தை விழுந்தது அதுதான் முதல் தடவை. அவர் தடுக்கவில்லை. மேஜையில் கிடந்த பார்சலைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டு, "ஆமாங்க. கேக்காது" என்றார்.

மெக்கானிக் இன்ஜினை அணைத்துவிட்டு ஜாக்கியை இழுத்து வந்தார்.

மறுபடி வண்டி கிளம்பியபோது சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் உள்கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது. கதவில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. என் பல்லெல்லாம் ஆடியது. இதற்காகவா இத்தனை பாடு என்று திட்ட வாயெடுத்து அவரைப் பார்த்தேன். கண் ரோட்டிலேயே இருந்தது. கை கியருக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. ஒரு தடவைகூட முள்ளைப் பார்க்கவில்லை. மேடவாக்கம் தாண்டியதும் கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். அவர் மாடிக்குப் போகவில்லை. நாற்காலியை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். நான் கண்ணை மூடினேன். முதுகில் அவருடைய உள்ளங்கை வந்து அழுந்தியது, ஸ்டீயரிங்கில் வைத்தது போலவே.

வகுப்பில் பேசுவது போல நெஞ்சிலிருந்து எடுத்துப் பேசினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஜெபித்தேன், பக்கத்து வீட்டாருக்காக, மெக்கானிக்குக்காக, சிக்னலில் திட்டியவருக்காகவும் ஜெபித்தேன். முடித்தால் கையை எடுத்துவிடுவாரே என்று முடிக்க மனம் வரவில்லை. சொல்ல ஆளே மிச்சமில்லை என்றானபோது நிறுத்தினேன்.

கை ஒரு கணம் அப்படியே இருந்தது.

"ஆமென்" என்றார்.