இறால் குளத்தை வயலாக்கினோம்

மட்டாஞ்சேரியில் எனக்கு மோட்டார் காயில் சுற்றும் கடை. செல்லானம் பக்கத்து இறால் குளங்களில் தண்ணீருக்குக் காற்றடிக்கும் மோட்டார்கள் உப்புக் காற்றில் அடிக்கடி புகைந்துபோகும். அவற்றைப் பழுது பார்க்கப் போய்ப் போய் எனக்கும் இறால் வளர்க்கும் ஆசை வந்தது. கால்வாயை ஒட்டி மூன்று ஏக்கர் குளம் ஒன்று விலைக்கு வந்தபோது நானும் மனைவியும் வாங்கினோம்.

இறால் குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் வேறு மீன் இருக்கக் கூடாது, குஞ்சுகளைத் தின்றுவிடும். பக்கத்துக் குளக்காரர் சொன்ன மருந்தைக் கலக்குவேன். அரை நாளில் கெளுத்தி, கரிமீன், நண்டு எல்லாம் மிதக்கும். பிறகு மருந்தின் வீரியம் போகும்வரை சில நாள் பொறுத்து, அந்தத் தண்ணீரைக் கால்வாயில் விடவேண்டும். மூன்றாம் வருடம் நான் பொறுக்கவில்லை. கடையில் வேலை குவிந்து கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஓதம் இறங்கத் தொடங்கியதும் மதகைத் திறந்துவிட்டேன்.

கால்வாயில் கழுத்தளவு நீரில் நின்று, கையால் தடவி மீன் பிடிக்கிற சேச்சி ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பிடித்த மீனைப் போட ஓர் அலுமினியப் பானை அவர் முன்னால் மிதந்துகொண்டே போகும். அன்று வரப்பில் நானும் மனைவியும் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் சொட்டச் சொட்ட ஏறி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. கைகள் இரண்டும் முழங்கைவரை தடித்துப்போயிருந்தன. பானையை என் காலடியில் கவிழ்த்தார். ஒன்றிலும் உயிர் இல்லை.

"இது ஞான் பிடிச்சதல்ல, சேட்டா. நிங்ஙள் கொன்னதா. வெள்ளத்தில எந்தா கலக்கியது?"

"தண்ணியில ஒண்ணும் கலக்கலை சேச்சி," என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சேச்சி என் முகத்தையே பார்த்தார். மனைவி எழுந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை முழுவதும் அவர் கைகளில் ஊற்றினாள். பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நான் போகவில்லை. மதகை மூடிவிட்டு, செத்த மீன்களைப் பொறுக்கிக் குழியில் போட்டேன். பானையைக் கழுவி வைத்தேன்.

வீடு திரும்பியதும் மனைவி கேட்டாள்: "டாக்டர் என்ன மருந்துன்னு கேட்டார். எனக்குப் பேர் தெரியலை. உங்களுக்குத் தெரியுமில்ல? அப்புறம் எதுக்குப் பொய் சொன்னீங்க?"

மருந்து டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"போதும். இனி அந்த மருந்து நம்ம நெலத்துல வேண்டாம். விக்கணும்னா வித்துக்கலாம்."

மறுநாள் கடையைத் திறக்காமல் நாங்கள் இருவரும் சேச்சியின் வீட்டுக்குப் போனோம். பானையையும் மருந்து டப்பாவின் லேபிளையும் கொண்டுபோனேன். நேற்றுச் சொன்னது பொய் என்றேன்.

"அது எனிக்கு அறியாம்," என்றார். தெரியும், ஆனால் நானே வந்து சொல்கிறேனா என்று பார்த்திருந்தாராம். மன்னித்தேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையால் லேபிளை வாங்கி, அடுத்த முறை டாக்டரிடம் காட்ட எடுத்து வைத்துக்கொண்டார்.

மனைவிதான் பேச்சை மாற்றினாள். நாங்கள் வாங்குவதற்கு முன் அது எப்போதும் குளமாகவா இருந்தது என்று கேட்டாள்.

"அல்ல. நெல்லு. ஞான் கொய்திட்டுண்டு அவிடெ," என்றார் சேச்சி.

அவர் அறுவடை செய்தது பொக்காளி நெல். உப்பு மண்ணைத் தாங்கி ஆளுயரம் வளரும். மழைக்காலத்தில் நெல், அறுத்தபின் மதகைத் திறந்தால் ஓதத்தோடு இறால் தானாக உள்ளே வரும், தண்ணீரில் அழுகும் நெல்தாளில் மேய்ந்து வளரும். உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அந்தப் பக்கமெல்லாம் முன்பு அப்படித்தான் இருந்ததாம். வருடம் முழுவதும் இறால் என்று ஆனபிறகு நெல் போய்விட்டது.

விற்க வேண்டாம், நெல் போடலாம் என்று முடிவு செய்தோம். இதைக் கேட்டதும் பக்கத்துக் குளக்காரர், "வட்டாணோ நிங்ஙள்க்கு?" என்று சிரித்தார். பைத்தியமா என்றுதான் கேட்டார். அவர் குளத்து உப்புநீர் பொது வரப்பு வழியாக எங்கள் பக்கம் கசியும், நெல் நிற்காது என்றார். அது உண்மை. ஏப்ரலில் தண்ணீரை இறைத்துக் காயவிட்டு, ஞாயிறுதோறும் ஆள் வைத்து, களிமண்ணால் உள்ளே இன்னொரு வரப்பு எழுப்பினோம். மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவித்து, மழை உப்பைக் கழுவட்டும் என்று காத்திருந்தோம். பக்கத்துக் குளக்காரர் தன் மோட்டார்களை வேறு கடைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

முதல் வருடம் அவசரப்பட்டேன். இரண்டு மழைக்கே உப்பு போய்விட்டது என்று நம்பி, முளைகட்டிய விதையைக் கூம்புகளின் மேல் தூவினேன். மழை பத்து நாள் நின்றுபோனது. நாற்று மஞ்சளாகிக் கருகியது. மறுபடி விதை தேடி, மறுபடி தூவினோம். தப்பியதில் பாதியை நீலக்கோழி என்ற நீர்ப்பறவைகள் ஒடித்துப்போட்டன. வலை கட்டலாம் என்றேன். "சிக்கிச் சாகும். அதுக்கு மருந்தே மேல்," என்றாள் மனைவி. தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடந்தோம். அவை எங்களைப் பெரிதாக மதிக்கவில்லை.

அக்டோபரில் இடுப்பளவு நீரில் நின்று அறுக்கக் கூலிக்கு வந்த பெண்களில் சேச்சியும் இருந்தார். கதிரை மட்டும் அறுத்துத் தாளை அப்படியே விட்டார்கள். விளைந்தது குறைவு. ஆனால் நவம்பரில் மதகைத் திறந்தபோது இறாலோடு கரிமீனும் திருதா மீனும் வந்தன. காற்றடிக்கும் மோட்டாருக்கு வேலையே இருக்கவில்லை. என் தொழிலுக்கு அது நஷ்டம்தான்.

அதற்குப் பிறகும் வெகுநாள், சேச்சி எங்கள் மதகுப் பக்கம் இறங்கும் முன் வரப்பில் நின்று உரக்கக் கேட்பார்: "எந்தெங்கிலும் கலக்கியிட்டுண்டோ?"

"ஒண்ணும் கலக்கல சேச்சி."

ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். எனக்கு அதில் வருத்தமில்லை. கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

பக்கத்துக் குளத்தில் இன்னும் மருந்து கலக்குகிறார்கள். சேச்சியும் நாங்களும் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வருடம் மழை சீராக வந்தது, நாற்று பச்சையாக நிற்கிறது. உள் வரப்பில் ஓரிடத்தில் நண்டு துளைத்துக் கசிகிறது. ஞாயிற்றுக்கிழமை போய் அடைக்க வேண்டும்.