நான் போடாத முடிச்சு

பேய், குறி, அற்புதம் மூன்றையும் நம்பாதவள் நான். மாதா கோயிலுக்குப் போவேன், பூசை காண்பேன். ஆனால் மருத்துவச்சிப் பயிற்சியில் கற்றது, கண்ணால் கண்டதை மட்டும் நோட்டில் எழுதுவது. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

யுத்த காலம். திருமழபாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் செசிலி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்று, நான் வேலை பார்த்த அரியலூருக்குக் காலையில் ஆள் வந்தது. வழக்கம்போலப் பையைச் சரிபார்த்து எழுதினேன்: கத்தரிக்கோல் ஒன்று, வேகவைத்த நூல் துண்டு ஆறு, காய்ச்சிய தண்ணீர் கழுத்துவரை ஒரு புட்டி, மூடியின்மேல் துணி சுற்றிக் கட்டியது. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் பாதி வழி, மீதி நடை. வெயில் தாங்கவில்லை. தலைப்பிரசவம்தானே, சாயங்காலம் ஆகிவிடும் என்று முந்திரித் தோப்பில் உட்கார்ந்தவள், பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனேன். விழித்தபோது நிழல் நீண்டிருந்தது.

ஓடினேன். வாசலில் செசிலியின் நாத்தனார் மரியாயி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன நர்சம்மா, எதையாச்சும் மறந்துட்டீங்களா? இப்பதான போனீங்க!"

"நான் இப்பதாம்மா வரேன்."

"வெயில்ல தலை சுத்திருச்சா? புள்ள நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. நீங்கதான தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தீங்க. அப்பறந்தான அழுதுச்சு. ஒரு வாய் மோருகூடக் குடிக்காமப் போயிட்டீங்க."

சாகக் கிடக்கும் சிசுவுக்குச் சாமியார் வரக் காத்திராமல் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வேதத்தில் உள்ள முறை. நான் சொன்னதாக அதற்குரிய வார்த்தைகளை மரியாயி ஒன்று பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

உள்ளே குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. உச்சியில் ஈரம். தொப்புள்கொடியில் இரண்டு கட்டு. இடப்பக்கம் இழுத்து மும்முறை முடிந்தவை. நான் இடக்கைக்காரி. அப்படி முடிவது நான்தான்.

பையைத் திறந்தேன். நூல் நான்கு. கட்டு அவிழாத புட்டியில் ஒரு கை தண்ணீர் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பதிவேட்டில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனார். உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். இருந்தாலும் அவர் கை அந்த இடத்துக்கு வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் ஊத்தல சாமி. தோப்புல தூங்கிட்டேன். புள்ள செத்திருந்தா என்னாலதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீ ஓடிப் போயி காப்பாத்தியிருந்தா, என்னாலதான்னு நெனச்சிருப்பே. தூங்குனவளுக்கும் ஆண்டவர் குடுத்தாரு பாரு, அதுதான் இஷ்டப்பிரசாதம்."

இறைவனின் அருளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சிறு வயதில் மனப்பாடம் செய்த சொல். அன்றுதான் அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டுப் பதிவேட்டை மூடினார். என்னைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

குழந்தை இப்போது நடக்கிறாள். திருநாள்தோறும் செசிலி அவளை அழைத்து வந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்க நர்சம்மா" என்று என் முன் நிறுத்துவாள். நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவேன். உலர்ந்த நெற்றிதான்; போடுமுன் பார்த்துக்கொள்கிறேன். விரலை எடுக்கும்போது ஈரமாக இருக்கிறது.

போன திருநாளிலும்.