படிக்கு வெளியே இருந்த மாப்பிள்ளை

அக்காவின் தலையணை உறைக்குள் ஒரு கணவாய் ஓடு இருக்கிறது. கணவாய் மீனின் உடம்புக்குள் இருக்கும் அந்த வெள்ளை ஓடு கடற்கரையில் சும்மா ஒதுங்கிக் கிடக்கும், யாரும் பொறுக்குவதில்லை. இது முழு ஓடும் இல்லை. ஒரு பக்கம் தின்னப்பட்டு, பிறை மாதிரி வளைந்து, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தின்ற பக்கத்தில் வரிவரியாகக் கீறல்கள். உறையைத் தோய்க்கும் நாளில் எடுத்து வைத்து, காய்ந்ததும் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். இருக்கிறதா என்று ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை தலையணையை அமத்திப் பார்ப்பேன். என் குணம் அப்படி.

சின்ன வயதிலிருந்தே நான் பயந்தவள். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு, ஆரையம்பதியில் ஆற்றுப் பக்கம் இருக்கும் இந்த வீட்டில் அக்காவும் நானும்தான். வாவியை நாங்கள் ஆறு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அக்கா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். நான் வகுப்பில் இருந்தாலும் மனம் அடுப்படியில் இருக்கும். கூரை ஓலையில் நெருப்புப் பிடித்திருக்குமோ, அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்திருப்பாளோ என்று நினைத்து நினைத்து, பாதிப் பாடத்தில் எழும்பி வீட்டுக்கு ஓடிவருவேன். அக்கா மாவும் கையுமாக நின்று சிரிப்பாள். “இஞ்ச பாரு, உசிரோடதான் இரிக்கன்” என்பாள். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் அப்படி ஓடிவந்து நின்றபோது, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி புள்ள, ஏலாட்டி விடு. என்னோடயே இரு” என்றாள். அதோடு படிப்பு நின்றது; பிறகு தையல் பழகினேன். என் பயத்துக்கு அக்கா எப்போதும் விட்டுக்கொடுத்தாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாப்பிள்ளை எங்கள் வளவுக்கு வந்தது அதற்கு நெடுங்காலத்துக்குப் பிறகு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் விறகு கொண்டுவரும் ஒருவர் எங்களுக்கும் இறக்குவார். ஒரு நாள் விறகோடு ஒரு சாக்கையும் இறக்கினார். உள்ளே ஒரு தரை ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோலம். காட்டுக்கு நெருப்பு வைத்த இடத்தில் அகப்பட்டிருக்க வேண்டும், ஓட்டின் ஒரு ஓரம் கருகியிருந்தது. “கறிக்கு வேணுமெண்டா எடுங்க” என்றார். அக்கா எடுத்தாள், கறிக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார், வீடும் பெண்ணுக்குத்தான். இந்த வீட்டையும் அப்பா அக்காவுக்கென்றே கட்டினார். வந்த சம்பந்தங்கள் சரிவரவில்லை; தங்கச்சியை யார் பார்ப்பது என்று அக்காவே தட்டிவிட்டதும் உண்டு. அன்றைக்கு ஆமையை முற்றத்தில் விட்டு, அது மெல்லத் தலை நீட்டியதும், “கடைசியா ஒரு மாப்பிள்ள வந்திரிக்கான் புள்ள. அதுவும் வீட்டையும் அவனே கொண்டு வந்திரிக்கான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை வளர்க்கக் கூடாதாமே, பொலிஸ் வந்தால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், ஆமை வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று எல்லாரும் சொல்வது. அழுதேவிட்டேன். காயம் ஆறினதும் காட்டில் விட்டுவிடுவதாக அக்கா சொன்னாள், ஆறியும் விடவில்லை. ஆனால் படிக்கு உள்ளே கொண்டுவர மாட்டேன் என்று சொன்னதைக் கடைசிவரை காப்பாற்றினாள். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பா: “என்னகா, மாப்பிள்ளைய இன்னும் வெளியிலயா படுக்க வெச்சிரிக்கீங்க? சீதனம் பேசி முடியல்லயா?” அக்கா விடமாட்டாள். “நான் என்ன செய்ய மாமி? மாமியார்காரி உள்ளுக்கு எடுக்க விடுறாள் இல்ல” என்று என்னைக் காட்டுவாள்.

காலையில் இடியப்ப வேலை முடிந்ததும் அக்கா முருங்கைக்குக் கீழே பலகைக் கட்டையைப் போட்டு உட்காருவாள். செவ்வரத்தம்பூ, கொவ்வை இலை, பூசணி இலை எல்லாம் ஒரு அலுமினிய மூடியில் வரும். பழுத்த நாகதாளிப் பழம் கிடைத்த அன்று மாப்பிள்ளையின் வாய் வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருக்கும். பாவமே என்று ஒரு தடவை நான் சோறு பிசைந்து வைத்து, அதற்கு இரண்டு நாள் வயிற்றாலே போனது. வெயில் ஏறினால் தட்டையான பேசனில் தண்ணீர் விட்டு அதை இறக்குவாள். தண்ணீர் கழுத்துக்கு மேலே போகக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் விரலால் அளந்து பார்ப்பாள். ஓடு உறுதியாக வேண்டும் என்று சொல்லிக் கிழக்கே கடற்கரை வரை நடந்துபோய்க் கணவாய் ஓடு பொறுக்கிவருவாள். மாப்பிள்ளை அதைக் கர்கர் என்று கரும்பித் தின்னும் சத்தம் என் தையல் மெசினுக்கு மேலாகவும் கேட்கும்.

ஒரு மாரியில் முற்றம் முழுக்க வெள்ளம் ஏறியது. அக்கா மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். கிறுகித் திரும்பிப் போய் அடுப்படிக் கொட்டிலில் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் அதை வைத்து, பக்கத்தில் குடையைப் பிடித்தபடி பகல் முழுக்க இருந்தாள். கொட்டிலுக்குள்ளும் ஒழுகியது. நான் உள்ளே நனையாமல் இருந்தேன்.

அக்காவுக்கு ஈரலில் வருத்தம் என்று தெரிந்தபோது எல்லாம் பிந்திவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவள் படுத்திருந்த அறையின் சுவருக்கு வெளிப்பக்கம் மாப்பிள்ளை வந்துவிடும். ஓடு சுவரில் இடித்து டொக், டொக் என்று கேட்கும். “வந்திட்டான். பூ வெச்சியா?” என்பாள். வைத்தேன் அக்கா என்பேன். ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “புள்ள, அவன ஒருக்கா உள்ளுக்குத் தூக்கிட்டு வாகா. கையால தொட்டுட்டு விட்டுர்ரன்.”

“மறுகா பாப்பம் அக்கா. கொஞ்சம் சுகமாகட்டும்” என்றேன்.

மறுகா என்றால் பிறகு. எப்போது என்று அதில் இல்லை. அந்த நேரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த நிலைமையில் ஆமை படி தாண்டினால் அக்கா போய்விடுவாள் என்பது மட்டும்தான். அடுத்த நாளும் கேட்டாள். யன்னலுக்கு வெளியே நின்று அதைத் தூக்கிக் காட்டினேன். படுத்தபடி கையை நீட்டினாள். கம்பி வரை எட்டவில்லை. கட்டிலை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கலாம். அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது. கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, “நீ பயப்புடாத. வேணாம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப அவன் தின்னுற அந்தக் கணவாய் ஓட்டையாவது எடுத்துத் தா” என்றாள்.

அதற்கும் யோசித்தேன். ஓடு கடலில் வந்ததுதானே, ஆமை இல்லையே என்று மனதைச் சமாதானப்படுத்தி, கிணற்றடியில் மூன்று தரம் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். தின்ற பக்கத்தைப் பெருவிரலால் தடவினாள். “நல்லாத் திண்டிரிக்கான்” என்றாள். அதன் பிறகு அவள் எதுவும் கேட்டதாக நினைவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டு நிற்கும்போது போய்விட்டாள். படிக்கு உள்ளே ஆமை வரவே இல்லை. கையை விரித்துத்தான் ஓட்டை எடுத்தோம்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியைத் தாண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நடப்பதற்கு உள்ளே யாரும் இருக்கவில்லை. அக்காவின் கட்டிலடியில் இறக்கிவிட்டேன். நெடுநேரம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. பிறகு மெல்லக் கால்களை ஊன்றி, அறையைக் கடந்து, பின்கதவடிக்குப் போய் இடித்தது. டொக், டொக். திறந்து வெளியே விட்டேன். முருங்கைக்குக் கீழே பலகைக் கட்டை கிடந்த இடத்தில் போய் நின்றது.

இப்போதும் காலையில் பூவும் இலையும் நான்தான் வைக்கிறேன். தண்ணீரை விரலால் அளக்கிறேன். கடற்கரைக்குப் போய்ப் புது ஓடு பொறுக்கிவருகிறேன். எனக்குப் பிறகு இதற்கு யார் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வருகிறேன். தலையணைக்குள் இருப்பதை மட்டும் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. சில நேரம் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மாப்பிள்ளை கரும்பிய வரிகள் ஒவ்வொன்றும் அப்படியே இருக்கின்றன. அக்காவின் விரல் போன இடம் எது என்றுதான் தெரியவில்லை.