நீலம் ஏறாத சல்லடை

அறுபதுகளில் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் நானும் மல்லேஸ்வரத்துத் தோழியும் ஆதிக்கடல் மண்ணைச் சலித்தோம். பூமத்திய ரேகையிலிருந்து துருவம் போகப்போக, மிதவை நுண்ணுயிர்களின் ஓடுகளில் வகை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மண்ணுக்குப் பின்னும் சல்லடையைக் கழுவி நீலச் சாயத்தில் முக்குவோம். ஒட்டிக்கொண்ட பழைய ஓடு நீலமாகி, அடுத்த மண்ணில் கலந்தாலும் நிறத்தால் மாட்டிக்கொள்ளும். அது அவள் வேலை.

"முக்கிட்டேன்டி, நீ பாரு," என்றாள்.

துருவத்து மண்ணில் வெப்பக்கடல் வகைகள் மொய்த்தன, ஒன்றும் நீலமில்லை. புதுக் கண்டுபிடிப்பென்று துள்ளிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன்.

"முந்தின வெப்பக்கடல் மண்ணு கலந்திருக்கு. சல்லடைய யாரு கழுவினது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க சாயத்துல முக்கலையா?"

பொய்யைக்கூட மறந்துவிடுவேன். தினமும் பஸ்ஸில் என் தோளில் தூங்கி வந்தவளின் அந்த 'நீங்க'வை மறக்க மாட்டேன்.