ரங்கநாதன் தன் தெருவில் வைக்காத பெட்டி

டெலிபோன் ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜைக்காரர் ரங்கநாதன் போய்விட்ட செய்தி சைக்கிளில் வந்தது. அடையாற்றில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மயிலாப்பூர் வரை மிதித்து வந்து, "நெஞ்சு வலின்னார் சார். டாக்டரைக் கூப்பிட போன் தேடி மூணு தெரு ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள..." என்று நிறுத்தினார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் பிடிவாதம் தெரியும். எந்த முனையில் கேபிள் பெட்டி வைத்தால் குறைந்த கேபிளில் அதிக வீடுகளுக்கு இணைப்புப் போகும் என்று நாமெல்லாம் வரைபடத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் சமன்பாடு எழுதினார். அந்தக் கணக்கைத் துளைகளாகப் பதித்த அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு கிண்டியிலிருந்த கம்ப்யூட்டருக்கு பஸ்ஸில் போனார். ஒருமுறை பஸ் போட்ட பிரேக்கில் அட்டைகள் மொத்தமும் சிதறிவிட்டன. இரண்டு நாள் உட்கார்ந்து வரிசைப்படுத்தினார். "கண்ணை நம்பினா தெரிஞ்சவா தெருதான் ஓய் முதல்ல தெரியும்" என்பார்.

அடையாற்றுக்கான விடை வந்தபோது பெட்டிக்கான இடம் அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி விழுந்திருந்தது. அவர் தெருவுக்கு இணைப்பு அடுத்த கட்டத்தில்தான். லைன்மேன் முனுசாமிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், உங்க வூட்டாண்ட வச்சா இன்னா கொறஞ்சு பூடும்? சொல்லுங்க, நாளைக்கே பள்ளம் தோண்டறேன்" என்றார். ரங்கநாதன் சிரித்தார். "எங்காம் அந்தக் கணக்குல ஒரு புள்ளிப்பா. புள்ளி வாயைத் திறக்கப்படாது."

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேலதிகாரி ஒருவர் தனக்கு வேண்டிய பிரமுகரின் வாசலுக்கே பெட்டியை நகர்த்திவிட்டார். ரங்கநாதன் மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை. "இப்பவாவது உம்ம தெருவுக்குக் கேளுமய்யா!" என்று கத்தினேன். "அவர் பண்ணினதையே என்னையும் பண்ணச் சொல்றீரா?" என்றார். அன்றைக்கு நான் அவரோடு காபிக்குப் போகவில்லை.

பதின்மூன்றாம் நாள் கழிந்ததும் அவர் கோப்பை எடுத்தேன். பெட்டியை அவர் தெருவில் வைத்திருந்தால் எவ்வளவு கேபிள் கூடியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு டிரம்மில் சுற்றி வரும் கேபிள்கூட முழுதாகச் செலவாகியிருக்காது. விடையை ஓரத்தில் குறிக்கப் போனால், அதே எண் அவருடைய பென்சில் எழுத்தில் ஏற்கெனவே இருந்தது. குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவரோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது.