கிச்சுவின் ரகசிய நோட்டு

இன்று கரமனையில், கிச்சு வீட்டில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அவன் கதை சொல்வான். நாங்கள் மூவரும் அந்தக் கதையில் குகைக்குள் போகும் வீரர்கள்.

குகை ரகசியங்களை நோட்டில் தமிழில் எழுதிவைப்பான். பள்ளியில் மலையாளம் மட்டும் படித்த எங்களுக்குத் தமிழ் எழுத்து புரியாது என்ற நம்பிக்கை. எனக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று நான் சொன்னதே இல்லை.

அவன் காப்பி எடுக்கப் போனபோது நோட்டைப் பார்த்தேன்: ‘கதவுக்குப் பின்னால் பூதம். தீ பட்டால் சாகும்.’

வந்ததும், “தீப்பந்தத்தோட உள்ள போறேன்” என்றேன்.

“தீதான் வேணும்னு ஒன் வீரனுக்கு எப்படிடா தெரியும்?”

“வெறுதே, சும்மா தோணித்து.”

என் முகத்தையே பார்த்தான். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, என் கண்ணெதிரே பெரிதாக எழுதினான்: ‘பூதம் தீயைத் தின்னும். தீயோடு வருபவனையும்.’

“கதவைத் தொறடா.”

ஆறு மாத ஆட்டத்தில் நான் வளர்த்த வீரன்; உள்ளே போனால் செத்துவிடுவான். பின்வாங்கினால் படித்தது தெரிந்துவிடும். வயிற்றுவலி என்று ஓடிவந்துவிட்டேன்.

நாளை ஆட்டம் தொடரும்போது வீரன் சாவதா, நான் ஒப்புக்கொள்வதா? இதைப் படிக்கும் நீங்களே சொல்லுங்கள். பதிலை மலையாளத்தில் எழுதுங்கள், எனக்குத்தான் தமிழ் வாசிக்க வராதே.